நங்கூர வினா நகர்ந்துவிட்டதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் சில பாடசாலைகளின் கணித ஆசிரியர்கள் சேர்ந்து தரம் 8 பிள்ளைகளுக்குத் தவணைதோறும் ஒரே வினாத்தாளை வைத்து வருகிறோம். நகரம், உப்புவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று பல பக்கத்துப் பிள்ளைகள். தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கும். அவற்றில் 8 வினாக்கள் முந்திய ஆண்டுகளில் வைத்தவை, ஒரு எழுத்தும் மாறாமல் திரும்ப வருபவை. மற்ற 32 வினாக்களும் புதியவை.

அந்த எட்டை வைத்துத்தான் இந்த ஆண்டுத் தாள் கடினமா, அல்லது பிள்ளைகள்தான் பின்தங்கிவிட்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. அதனால்தான் அவை நங்கூர வினாக்கள். நங்கூரம் இழுபடும்போது கப்பலில் நிற்பவருக்குக் கரை நகர்வதுபோலத் தெரியும் என்பது நம் ஊரில் கடலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். வினா இழுபட்டாலும் இதுதான் நடக்கிறது. பிள்ளைகள் விழுந்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம், ஒழுங்காகப் படிப்பித்த ஒருவரைக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறோம். பிழை வினாவில் இருந்திருக்கும். இப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்த ஆசிரியையின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் தெரிவைக் குறித்தது என்ற பதிவு வேண்டும். சரி, பிழை மட்டும் போதாது. பிறகு, வினா ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை: எந்தத் தவணை, தாளில் எத்தனையாவது வினா, தெரிவுகள் எந்த ஒழுங்கில், எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள், எத்தனை பேர் சரி. அச்சான தாளின் ஒரு பிரதியும் அதோடு இருக்கட்டும். இது இல்லாவிட்டால் கீழே உள்ள எதையும் செய்ய முடியாது, ஊகம்தான் மிஞ்சும்.

அறிகுறி: எட்டு வினாவும் ஒன்றாக ஏறுகின்றன, அல்லது ஒன்றாக இறங்குகின்றன

வினாக்களைத் தொடாதீர்கள். எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருந்தால் மாறியது எழுதிய பிள்ளைகள்தான், அல்லது எழுதிய சூழ்நிலை.

யார் எழுதவில்லை என்று முதலில் பாருங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வெள்ளம் நின்றால் வரவு குறையும். அன்று வந்து எழுதியவர்கள் அந்த வகுப்பின் சரியான மாதிரி அல்ல. முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறையால் தவணை நாட்கள் மாறிவரும். படிப்பித்து முடித்த நாளுக்கும் தாள் எழுதிய நாளுக்கும் இடையிலான கிழமைகள் எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றாக இருக்காது. இவை இரண்டும் சரியாக இருந்தால், எழுதக் கொடுத்த நேரத்தைக் கேளுங்கள். ஒரு பாடவேளையில் முடிக்கச் சொன்ன இடமும் இரண்டு பாடவேளை கொடுத்த இடமும் ஒன்றல்ல. எல்லாமே ஒத்துவந்தால், நகர்வு உண்மையானது. நங்கூரம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அறிகுறி: ஒரு வினா மட்டும் திடீரென்று இலகுவாகிவிட்டது

அதிகம் நடப்பதும், ஆக மோசமாகத் தவறவிடுவதும் இதைத்தான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது என்பதால் கணக்கை ஒருமுறை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

ஐந்து நங்கூர வினாக்கள், ஒவ்வொரு ஆண்டும் 200 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். சரியாகச் செய்தவர்களின் சதவீதம் போன ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்கு இப்படி மாறியிருக்கிறது:

முதலாவது 80 இலிருந்து 72
இரண்டாவது 60 இலிருந்து 50
மூன்றாவது 45 இலிருந்து 35
நான்காவது 70 இலிருந்து 61
ஐந்தாவது 50 இலிருந்து 66

சதவீதங்களை நேராகக் கழிக்கக் கூடாது. 95 இலிருந்து 90க்கு இறங்குவதும் 50 இலிருந்து 45க்கு இறங்குவதும் ஒரே 5 போலத் தெரியும். ஆனால் முதலாவதில் பிழைவிட்டவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள், இரண்டாவதில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதனால் சரி செய்தவர்களைப் பிழைவிட்டவர்களால் வகுத்து, அந்த எண்ணுக்கு இயற்கை மடக்கை (ln) எடுக்க வேண்டும். எக்செல்லில் ஒரு கலத்தில் முடிகிற வேலை. வருகிற எண்ணின் அலகுக்கு லொஜிற் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் ஜோர்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட பரீட்சை அளவீட்டு மாதிரியுருவும் இந்த அளவுகோலில்தான் நிற்கிறது.

இந்த ஆண்டின் லொஜிற்றிலிருந்து போன ஆண்டின் லொஜிற்றைக் கழித்தால் ஐந்து வினாக்களின் நகர்வும் முறையே −0.44, −0.41, −0.42, −0.40, +0.66 என்று வரும். இவற்றின் இடையம், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண், −0.41. அதாவது இந்த ஆண்டுப் பிள்ளைகளின் மட்டம் ஏறக்குறைய 0.41 இறங்கியிருக்கிறது, நான்கு வினாக்களும் அதைத்தான் சொல்கின்றன. அப்படியானால் ஐந்தாவது வினாவும் 50 இலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அது 66க்கு ஏறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது 16 புள்ளி ஏற்றம், உண்மையில் நடந்தது 26 புள்ளி. லொஜிற்றில் 1.07.

சராசரி எடுக்காமல் இடையம் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சராசரி −0.20தான் வரும். கெட்டுப்போன ஒரே வினா சராசரியைத் தன் பக்கம் இழுத்து, பிள்ளைகளின் வீழ்ச்சியைப் பாதியாக்கிக் காட்டிவிடும். அதோடு நல்ல வினாக்கள் நான்கும் கடினமாகிவிட்டதாகப் பொய்யாகத் தெரியும். கெட்ட ஒன்றுக்காக நல்ல நான்கையும் சந்தேகிக்கிற நிலை அப்படித்தான் வரும்.

இடையத்திலிருந்து எவ்வளவு விலகினால் கவலைப்படுவது? 0.3 லொஜிற், 0.5 லொஜிற் என்ற எல்லைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 50 சதவீத மட்டத்தில் உள்ள வினாவை ஆண்டுக்கு 40 பேர்தான் எழுதினார்கள் என்றால், தற்செயலாகவே 0.9 லொஜிற் வரை ஆடக்கூடும். 160 பேர் இருந்தால் அந்த ஆட்டம் 0.45 அளவுக்குக் குறையும். ஒரே பாடசாலையின் ஒரு வகுப்பை வைத்து வினா கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாததும், பல பாடசாலைகள் சேர்ந்து தாள் வைப்பதன் பெறுமதியும் இதில் தெரியும். 40 பேர்தான் என்றால் அட்டையில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

சரி, ஐந்தாவது வினா உண்மையாகவே இலகுவாகிவிட்டது. ஏன்? காரணம் இரண்டில் ஒன்று. வினா வெளியே போயிருக்கிறது, அல்லது அந்த விடயத்தை இந்த ஆண்டு நன்றாகப் படிப்பித்திருக்கிறார்கள். இரண்டையும் குழப்பினால் நல்ல படிப்பித்தலைத் திருட்டு என்று சொல்லிவிடுவோம். அதனால் அவசரப்படாதீர்கள்.

பிரித்துப் பார்க்க நான் நம்புவது இரட்டை வினாவை. அதே எண்ணக்கரு, அதே அளவு படிகள், ஆனால் வேறு எண், வேறு கதை. பழைய வினாவில் செவ்வக முற்றம் ஒன்றின் சுற்றளவையும் அகலத்தையும் தந்து நீளத்தைக் கேட்டிருந்தால், இரட்டையில் வலை காயவைக்கும் நிலம் ஒன்றுக்கு அதையே கேளுங்கள். இரண்டையும் அடுத்த தவணையில் வெவ்வேறு பக்கங்களில் வையுங்கள். பழையதைச் சரியாகச் செய்கிறவர்கள் இரட்டையில் சறுக்கினால் வினா வெளியே போய்விட்டது. இரண்டையும் நன்றாகச் செய்தால் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், படிப்பித்தவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இன்னொரு தடயம் பாடசாலைவாரியாகப் பிரித்தால் கிடைக்கும். மொத்தப் புள்ளி குறைந்த பிள்ளைகள் ஒரு பாடசாலையில் மட்டும் இந்த வினாவைச் சரியாகச் செய்திருந்தால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரியூஷன் வகுப்பில் தாள் கையில் இருக்கக்கூடும். இங்கே வினாத்தாளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். அண்ணன் எழுதிய தாள் தங்கைக்கு வரும், ஒருவர் வட்ஸ்அப்பில் போட்டால் இரவுக்குள் கிண்ணியாவிலிருந்து குச்சவெளி வரை போய்விடும். யாரையும் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. கடந்தகால வினாத்தாளைச் செய்து பழகுவதைத்தான் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எனவே தாளைத் திருப்பிக் கேட்பது நம் பொறுப்பு. நங்கூர வினாக்கள் உள்ள தாளுக்குத் தொடர் இலக்கம் அடித்து, கொடுத்த எண்ணிக்கையும் வாங்கிய எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணுங்கள். மேலதிகமாக எடுத்த போட்டோக்கொப்பிகளையும் சேர்த்துத்தான்.

வெளியே போன வினாவுக்குத் திருத்தம் கிடையாது. 2024 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். முன்பே வெளியானதாகச் சர்ச்சைக்குள்ளான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி என்றுதான் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. அது பிள்ளைகளுக்கான நியாயம். அளவீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால், எல்லாருக்கும் ஒரே புள்ளி கிடைக்கிற வினா ஒருவரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. நம் எட்டில் ஒன்று அப்படியானால் அதை விட்டுவிட்டு ஏழோடு கணக்குப் போட வேண்டும்.

அறிகுறி: ஒரு வினா மட்டும் கடினமாகிவிட்டது

பிள்ளைகளைக் கேட்குமுன் தாள்கள் இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.

வினா எத்தனையாவது இடத்தில் இருந்தது? போன ஆண்டு 7, இந்த ஆண்டு 36 என்றால் விடை கிடைத்துவிட்டது. கடைசிப் பகுதிக்கு வரும்போது பிள்ளை களைத்திருக்கும், நேரமும் போயிருக்கும். பெரிய அமைப்புகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவின் தேசியக் கல்வி அடைவு மதிப்பீட்டில் 1984க்கும் 1986க்கும் இடையில் 9, 17 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புப் புள்ளிகள் நம்பமுடியாத அளவு விழுந்தன. வினாக்கள் அதே வினாக்கள்தான். ஆனால் கையேட்டில் அவற்றின் ஒழுங்கும், கூட வந்த பகுதிகளும், நேர ஏற்பாடும் மாறியிருந்தன. 1988இல் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான், வீழ்ச்சியின் பெரும்பகுதி வடிவம் மாறியதால் வந்தது என்று தெரிந்தது. நங்கூர வினா முந்திய இடத்திலிருந்து மூன்று நான்கு இடங்களுக்கு மேல் விலகக் கூடாது என்று நாங்கள் வைத்திருப்பது இதனால்தான்.

இடம் சரியென்றால் அச்சைப் பாருங்கள். வரைபு மங்கலா? கோணத்தின் எழுத்து போட்டோக்கொப்பியில் விழுந்துவிட்டதா? வினா ஒரு பக்கத்திலும் தெரிவுகள் மறுபக்கத்திலும் போய்விட்டனவா? தட்டச்சுச் செய்தவர் நல்ல எண்ணத்தோடு தெரிவுகளை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டாரா? இந்தக் கடைசி விடயம் எங்களுக்கு ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. "சேர், வடிவாக இருக்கட்டும் என்று மாற்றினேன்" என்றார். அன்றிலிருந்து நங்கூர வினாக்களைத் தட்டச்சுக்கே கொடுப்பதில்லை, பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து ஒட்டுகிறோம்.

அதுவும் சரியென்றால் வினாவுக்குள் இருக்கும் உலகம் மாறியிருக்கலாம். ஒரு இறாத்தல் பாண் 60 ரூபா என்று எழுதிய வினா ஒன்று எங்களிடம் இருந்தது. 2022க்குப் பிறகு அதை வாசிக்கிற பிள்ளை, வந்த விடையைப் பார்த்து "இவ்வளவு குறைவாக இருக்காதே" என்று அடுத்த தெரிவுக்குத் தாவுகிறது. பிழையான தெரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் கூட்டம் கூடியதை விடைப் பதிவில் பார்த்துத்தான் இது பிடிபட்டது. உடனே விலையை 190 என்று மாற்றலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 60ஐ மூன்றால் பெருக்குவதும் 190ஐ மூன்றால் பெருக்குவதும் ஒரே கடினம் அல்ல. எண் மாறினால் அது புது வினா. புது இலக்கம் கொடுத்து, புதிய 32 வினாக்களோடு சேர்த்து, முதலிலிருந்து அளந்து பாருங்கள். பழைய அட்டையின் எண்களை அதற்கு ஏற்றக் கூடாது.

அறிகுறி: சரி செய்தவர் சதவீதம் அதேதான், ஆனால் யார் சரி செய்தார்கள் என்பது மாறிவிட்டது

சதவீதத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு இது ஒருபோதும் தெரியாது. மொத்தப் புள்ளிப்படி பிள்ளைகளை அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள். 200 பேரில் தலா 54. மேற்குழுவில் 43 பேரும் கீழ்க்குழுவில் 16 பேரும் சரி என்றால், வித்தியாசம் 27 பேர், அதை 54 ஆல் வகுக்க 0.5 வரும். இதுதான் வேறுபடுத்தும் சுட்டி. 0.3க்கு மேல் நல்லது, 0.2க்குக் கீழே பலவீனம். போன ஆண்டு 0.5 இருந்த வினா இந்த ஆண்டு 0.1 என்றால், கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் பிழைவிடத் தொடங்கியிருக்கிறார்கள், பலவீனமான பிள்ளைகள் சிலர் எப்படியோ சரியாகக் குறிக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் எந்தத் தெரிவுக்குப் போனார்கள் என்று பாருங்கள். ஒரே தெரிவுக்கு என்றால் அதுவும் ஒரு விதத்தில் சரியான விடையாக இருக்கக்கூடும். புதிய பாடநூலில் வரைவிலக்கணம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுட்டி எதிர்மறையானால் வேறு எதையும் யோசிக்குமுன் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும்.

அறிகுறி: ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கடினம்

நெல்லைப் புசல் கணக்கில் கேட்கும் வினா தம்பலகாமத்துப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு. கடலோரத்துப் பிள்ளைக்கு அது ஒரு புதிய சொல். வலை, வள்ளம் என்று வந்தால் நிலை தலைகீழ். இதை வெறும் சதவீதத்தால் ஒப்பிட முடியாது, ஏனென்றால் இரு பக்கத்தவரின் மொத்த மட்டமே வேறாக இருக்கலாம். ஒரே மொத்தப் புள்ளி எடுத்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்: 10 முதல் 15 வரை எடுத்தவர்களில் இரு பக்கத்திலும் எத்தனை பேர் சரி, 16 முதல் 20 வரையில் எத்தனை, இப்படியே மேலே. எல்லாப் படியிலும் ஒரே பக்கம் குறைந்தால் சொல்தான் தடை. மான்ரெலும் ஹேன்செலும் 1959இல் நோய் ஆய்வுகளுக்காக எழுதிய முறை இந்தப் படிகளை ஒரே எண்ணாகச் சேர்த்துத் தரும். பின்னாளில் பரீட்சை வினாக்களைச் சோதிக்க அது பரவலாகப் பயன்பட்டது. தமிழ் மூலமும் சிங்கள மூலமும் ஒரே தாளை எழுதினால் இந்தச் சோதனையை விடவே கூடாது. மொழிபெயர்த்த வினா இரு மொழியிலும் ஒரே கடினம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அறிகுறி: ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக

போன ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டால் 0.15 நகர்வு எப்போதும் எல்லைக்குள்தான் இருக்கும். நான்கு ஆண்டில் அது 0.6. முதன்முதலில் அளந்த ஆண்டோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: பாதி நங்கூரங்கள் ஏறுகின்றன, பாதி இறங்குகின்றன

இங்கே இடையமும் கைகொடுக்காது. எட்டையும் பாடப்பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எண் கணித வினாக்கள் எல்லாம் ஏறி, கேத்திரகணித வினாக்கள் எல்லாம் இறங்கியிருந்தால், கெட்டது வினாக்கள் அல்ல. ஆண்டின் கடைசியில் வரும் அலகுகளை மழையும் விடுமுறையும் தின்றுவிட்டன. இந்த நிலையில் ஒரே எண்ணை வைத்து "பிள்ளைகள் முன்னேறினார்கள்" என்றோ "பின்தங்கினார்கள்" என்றோ அறிக்கை எழுதினால் அது உண்மையாகாது. இரண்டு பகுதிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அதோடு, நங்கூரங்கள் எட்டும் தாளின் ஒரு சிறு பிரதியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தாளில் கேத்திரகணிதம் கால்வாசி என்றால் எட்டில் இரண்டு அதிலிருந்து வர வேண்டும்.

நகர்ந்த வினாவை என்ன செய்வது

நங்கூரப் பட்டியலிலிருந்து எடுப்பதும் பிள்ளையின் புள்ளியிலிருந்து எடுப்பதும் இரண்டு வேறு தீர்மானங்கள். இடம் மாறியதால் கடினமான வினா நங்கூரமாக உதவாது. ஆனால் பிள்ளை அதை நேர்மையாகச் செய்திருக்கிறது, புள்ளி இருக்கட்டும். வெளியே போன வினாவுக்கும் விடைக்குறிப்புப் பிழைத்த வினாவுக்கும் புள்ளியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வினாவைத்தான் எடுங்கள். ஆக அதிகம் விலகியதை எடுத்துவிட்டு இடையத்தைத் திரும்பக் கணியுங்கள். சில வேளை மற்றவை தாமாகவே எல்லைக்குள் வந்துவிடும். எட்டில் மூன்றுக்கு மேல் எடுக்க வேண்டி வந்தால் அந்த ஆண்டை முந்திய ஆண்டோடு ஒப்பிடாமல் விடுவதே நல்லது. எடுத்த வினாவின் அட்டையைக் கிழிக்காதீர்கள். எடுத்த திகதியையும் காரணத்தையும் அதிலேயே எழுதி, வேறு கோப்பில் போடுங்கள். நமக்குப் பிறகு வருகிற ஆசிரியர் ஒருவர் "நல்ல வினாவாக இருக்கிறதே" என்று அதைத் திரும்பவும் எடுத்து வைக்காமல் இருக்க வேண்டும்.